மாடு மேய்ந்த புல் துளிர்க்கிறது, அசுவினி பிடித்த செடி ஏன் சுருள்கிறது?

கேள்வி: மாடு ஒட்ட மேய்ந்த புல் சில நாளில் திரும்ப வளர்ந்துவிடுகிறது. என் மிளகாய்ச் செடியில் இருப்பதோ கடுகளவு அசுவினிப் பூச்சி. ஆனால் கொழுந்து சுருண்டு, இலையெல்லாம் பிசுபிசுக்கிறது. எறும்பும் ஏறுகிறது. எறும்பை விரட்டினால் போதுமா?

பதில்: எறும்பை விரட்டுவது உதவும், அது மட்டும் போதாது. ஏன் என்பது உங்கள் ஒப்பீட்டிலேயே இருக்கிறது.

புல்லின் வளரும் முனை மண்ணை ஒட்டி இருப்பதால் மாட்டின் வாய்க்குத் தப்பிவிடும். மிளகாய்க்கு அது உச்சியில். அசுவினி கூட்டமாக உட்காருவதும் அங்கேதான். ஊசி வாயைச் செருகி, சர்க்கரைச் சாறு ஓடும் புளோயம் குழாயைத் தொட்டுவிடும். சாறு அழுத்தத்தோடு ஓடுவதால் பெரிதாக உறிஞ்சக்கூட வேண்டாம்.

மாட்டுக்கும் அசுவினிக்கும் ஒரே குறை, தீனியில் புரதம் கம்மி. இரண்டும் நுண்ணுயிரிகளை வைத்தே சமாளிக்கின்றன. மாட்டின் பெருவயிற்றில் அவை நார்ப்பொருளைச் சிதைக்கும், பிறகு அவையே மாட்டுக்குப் புரதமாகவும் ஆகும். அசுவினியின் செல்களுக்குள் புக்னெரா என்ற பாக்டீரியா குடியிருந்து, சாற்றில் குறைவாக உள்ள அமினோ அமிலங்களைச் செய்து தருகிறது. அப்படியும் நிறையச் சாறு குடித்தால்தான் சத்து கிடைக்கும். மிஞ்சிய சர்க்கரையைத் துளித்துளியாக வெளியேற்றும். உங்கள் கையில் ஒட்டுவது அதுதான். எறும்பு தேடி வருவதும் அதையே. அதற்காக, மந்தையைக் காப்பதுபோல, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டுகளைத் துரத்துகிறது.

அப்புறம், பெருக்கம். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். அசுவினிக்குப் பெரும்பாலும் ஆணே தேவையில்லை, குஞ்சாகவே ஈனும். வெயில் காலத்தில் அந்தக் குஞ்சு 7 முதல் 10 நாளில் தாயாகிவிடும். அது பிறக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்த தலைமுறை வளரத் தொடங்கியிருக்கும். இத்தனை வருடம் பூச்சிகளோடு இருந்தும் எனக்கு இது இன்னும் வியப்புதான். ஆகவே ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள்.

இன்றே மோசமாகச் சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். ஊசி வாய் பிடுங்கப்பட்டுக் கீழே விழும் பூச்சிகளில் பல திரும்ப ஏறுவதில்லை. மிச்சமிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு மென்மையான திரவ சோப்பும் கலந்து, முதலில் ஓரிரு இலையில் தெளித்துப் பாருங்கள். கருகாவிட்டால் மாலை நேரத்தில் முழுச் செடிக்கும் தெளித்து, வாரம் ஒருமுறை தொடருங்கள். பொறிவண்டின் புழுக்கள் கண்ணில் பட்டால் தெளிக்க வேண்டாம், அவையே பார்த்துக்கொள்ளும். யூரியா போடுவதை நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்த இளங்கொழுந்துதான் அசுவினிக்குச் செழிப்பான மேய்ச்சல்.

இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் தெரிந்தால் அசுவினி பரப்பிய வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அகற்றிவிடுங்கள், பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும்.