மாவ்ரோதிக்கு ஓட்டுப் போட்டவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொண்ணூறுகளின் ரஷ்யா பற்றிய கட்டுரையில் செர்கேய் மாவ்ரோதியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எம்எம்எம் என்ற கம்பெனி நடத்தி மக்கள் பணத்தைச் சுருட்டினார், அப்புறம் எம்.பி. ஆனார் என்று. நடுவில் என்ன நடந்தது? பணத்தைப் பறிகொடுத்தவர்களே அவருக்கு ஓட்டுப் போட்டார்களா? அவ்வளவு ஏமாளிகளா?

கே.

அன்புள்ள கே.,

ஓட்டுப் போட்டார்கள். ஆனால் ஏமாளிகளாக இருந்ததால் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாவ்ரோதி கணிதம் படித்தவர். 1989இல் சின்னதாக ஒரு கூட்டுறவு நிறுவனம் ஆரம்பித்து, வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களைத் தருவித்து விற்றார். அதுதான் எம்எம்எம். 1994 பிப்ரவரியில் அதன் பங்குகளை ஆயிரம் ரூபிள் விலையில் ஜனங்களுக்கு விற்க ஆரம்பித்தார். விலையை எந்தச் சந்தையும் தீர்மானிக்கவில்லை, அவரே அறிவிப்பார். எப்போதும் ஏற்றம்தான். விற்க வேண்டுமா, கவுன்டரில் கொடுத்துக் காசை எண்ணி வாங்கிக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர் பணம் பழைய ஆளுக்குப் போகும், அவ்வளவுதான் சூத்திரம். ஜூலைக்குள் விலை நூறு மடங்கைத் தாண்டிவிட்டது. அரசு அனுமதித்த பங்குகள் தீர்ந்ததும் தன் முகத்தையே போட்டுச் சீட்டு அச்சடித்தார். பார்க்க ரூபிள் நோட்டு போலவே இருக்கும்.

டிவியில் லியோன்யா கோலுப்கோவ் என்று ஒரு விளம்பரப் பாத்திரம். மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன். முதல் லாபத்தில் மனைவிக்கு பூட்ஸ் வாங்குவான், அடுத்து ஃபர் கோட்டு. இதற்கா மயங்கினார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த ஒரே வருடத்தில் பணவீக்கம் 2,500 சதவீதம். ஆயுள் முழுக்க அரசு வங்கியில் சேர்த்த பணம் ரொட்டி வாங்கக்கூடக் காணாமல் போயிற்று. அப்படிப்பட்டவரிடம் போய் ‘அரசாங்கத்தை நம்பு, மாவ்ரோதியை நம்பாதே’ என்றால் எடுபடுமா?

1994 ஜூலை கடைசியில் பங்கு விலை சரிந்தது. ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆயுதப் போலீஸ் மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டி இறங்கி, அவருடைய ஃப்ளாட்டுக்குள் நுழைந்து பிடித்தது. டிவி கேமராவும் கூடவே போயிருந்தது. ஆனால் போட்ட வழக்கு வரி ஏய்ப்பு. முதலீட்டாளர் பணம் பற்றி அதில் பேச்சே இல்லை. அதுதான் அவருக்குக் கிடைத்த துருப்புச்சீட்டு. நான் கொடுத்துக்கொண்டுதானே இருந்தேன், கடையை மூடியது அரசாங்கம் என்று சொல்ல முடிந்தது. மாஸ்கோவில் வார்சா நெடுஞ்சாலை அலுவலகத்தின் முன் கூடிய கூட்டம் அவரை விடுதலை செய் என்றுதான் கோஷம் போட்டது. ஆள் உள்ளே இருந்தால் காலணா தேறாது, வெளியே வந்தால் ஒருவேளை தேறலாம். கையில் சீட்டு வைத்திருப்பவர் வேறு எப்படிக் கணக்குப் போடுவார்?

மாஸ்கோவை ஒட்டிய மித்தீஷி தொகுதி அப்போது காலியாக இருந்தது. அதன் உறுப்பினர் ஆந்த்ரேய் ஐஸ்தெர்ஜிஸும் தொழிலதிபர்தான். ஏப்ரலில் அவரை வீட்டருகிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த வருடங்களின் ரஷ்யா அப்படி. புது அரசியல் சாசனத்தின் 98ஆவது பிரிவு, டூமா என்ற நாடாளுமன்றக் கீழவையின் உறுப்பினரைக் கைது செய்யவோ சோதனையிடவோ முடியாதபடி பாதுகாப்புக் கொடுத்தது. வேட்பாளருக்கே சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. மாவ்ரோதி மனு போட்டார், அக்டோபரில் வெளியே வந்தார், அந்த மாதம் 30ஆம் தேதி இடைத்தேர்தலில் ஜெயித்தார்.

தொகுதியே திரண்டு ஓட்டுப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1993இல் கொண்டுவந்த விதிப்படி கால்பங்கு வாக்காளர் வந்தால் போதும், தேர்தல் செல்லும். அதில் யாருக்கு அதிகமோ அவர் உறுப்பினர். மற்றவர்கள் சலித்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பணம் மாட்டிக்கொண்டவர் மட்டும் கட்டாயம் சாவடிக்கு வருவார். மாவ்ரோதிக்கு அந்தக் கூட்டம் போதும்.

சம்பளமும் சலுகையும் வேண்டாம் என்றார். வேண்டியிருந்தது அந்தப் பாதுகாப்பு ஒன்றுதான். 1995 அக்டோபரில் டூமா பதவியைப் பறித்தது. 1996 ஜனாதிபதித் தேர்தலுக்குப் போட்ட மனுவைத் தேர்தல் ஆணையம் நிராகரித்தது. பிறகு தலைமறைவு, 2003இல் கைது, 2007இல் நாலரை வருடத் தண்டனை. விசாரணைக் காலமே ஏறக்குறைய அவ்வளவு ஆகிவிட்டதால் ஒரு மாதத்துக்குள் வெளியே வந்துவிட்டார். 2011இல் மறுபடியும் எம்எம்எம்! இந்த முறை இது பிரமிடுதான், அதாவது புதியவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுக்கிற அதே ஏற்பாடுதான் என்று அவரே அறிவித்துவிட்டு ஆரம்பித்தார், அப்போதும் ஆள் சேர்ந்தது. 2018 மார்ச்சில் மாஸ்கோவில் இறந்தார்.

அவருக்கு அடுத்து வந்த பணக்காரர்களில் எல்லோரும் ஓட்டுக் கேட்டு அலையவில்லை. சுலைமான் கெரிமோவ் என்ற கோடீஸ்வரர் 1999இல் அரசியல்வாதி ழிரினோவ்ஸ்கியின் கட்சிப் பட்டியலில் இடம்பிடித்து டூமாவுக்குள் போனார். 2008இல் ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியின் பிரதிநிதியாக மேலவைக்குப் போனார். அங்கே வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. அவர் கதை நீளம், தனியாகத்தான் எழுத வேண்டும்.