ரோபோ கறவையில் மாடு அடிக்கடி கறவைக்குப் போனால் பால் கூடுமா?

கூடும், ஆனால் தடவை கூடும் அளவுக்குப் பால் கூடிவிடாது. நாளுக்கு 2 தடவை கறந்த மாட்டை 3 தடவை கறந்தால் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் அதிகம் வரும், அவ்வளவுதான். காரணம் மடிக்குள்ளேயே இருக்கிறது: பால் தேங்கத் தேங்க சுரப்பு செல்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சீக்கிரம் காலி செய்தால் அந்தத் தடை விலகும். நிஜமான லாபம் கன்று போட்ட முதல் சில வாரங்களில்தான், ஏனென்றால் அப்போது கிடைத்த ஏற்றத்தில் ஒரு பங்கு பிறகு தடவையைக் குறைத்தாலும் நீடிக்கும்.

இயந்திரமே கறக்கும் ரோபோ பண்ணையில் மாடு தானாக வருகிறது, பாதி ஆசை ரோபோவில் கிடைக்கும் அடர்தீவனத்தின் மேல்! மந்தையின் சராசரி பெரும்பாலும் நாளுக்கு 2.5 முதல் 3 தடவை இருக்கும். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்; ஒரே மாடு ஒருமுறை 5 மணி நேரத்தில், அப்புறம் 14 மணி நேரம் கழித்து என்று வந்தால் பலன் கரைந்துவிடும். கறந்து 12 மணி நேரம் தாண்டிய மாட்டை ரோபோவுக்கு ஓட்டிக்கொண்டு வாருங்கள். கறவைக் காலக் கடைசியில் இருக்கும் மாட்டை நாளுக்கு எத்தனை தடவை கறக்க ரோபோ அனுமதிக்கலாம் என்ற எண்ணிக்கையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் சொற்பப் பாலுக்காக ரோபோவின் நேரம் வீணாகும், காம்பு நுனியும் கெடும். தீவனம் போதாத மாடு எத்தனை தடவை கறந்தாலும் இளைக்குமே தவிர, பால் ஏறாது.