கிணற்றுக் கட்டும் கடல் மட்டமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏழு தோட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஞாயிறுதோறும் நாடா விட்டு அளக்கிறேன். ஆய்வுக்காக அதை நெட்சிடிஎஃப் (அறிவியல் அளவீடுகளைச் சேமிக்கும் கணினிக் கோப்பு வகை) கோப்பாக மாற்றி, சிஎஃப் நியமப்படி (அத்தகைய கோப்புகளில் அளவுகளுக்குப் பெயரும் விவரமும் எழுதும் பொது விதிகள்) விவரம் எழுதவேண்டும். அளவுக்கு 'டெப்த்' என்று பெயர் போட்டால் போதுமா?
- மாணவி, கோப்பாய்

போதாது பிள்ளை. நாடாவின் பூச்சியத்தை எங்கே பிடித்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கட்டின் மேல் விளிம்பிலா, நிலத்திலா? அது கோப்பிலும் இல்லாமல் போனால், பத்து வருடம் கழித்து அதைத் திறக்கிறவருக்கு வெறும் எண்கள்தான் மிஞ்சும்.

சிஎஃப் நியமத்தில் 'டெப்த்' என்றால் தரைப்பரப்பிலிருந்து கீழ்நோக்கிய தூரம். நிலத்தடி நீருக்கென்று 'வாட்டர் டேபிள் டெப்த்' என்ற பெயரும் அந்த நியமத்தின் பெயர்ப் பட்டியலில் உண்டு. உங்களுக்கு அதுதான் பொருத்தம். அதுவும் தரையிலிருந்தே எண்ணப்படும். கிணற்றுக் கட்டு என்ற ஒன்று அந்த நியமத்துக்குத் தெரியாது. ஆகவே ஏழு கிணற்றுக்கும் கட்டின் உயரத்தைத் தனித்தனியே அளந்து, நாடா காட்டியதிலிருந்து கழித்துவிட்டுப் பதியுங்கள். கழித்த உயரத்தையும் கோப்பில் தனி மாறியாக (தனிப் பெயருள்ள தரவுத் தொகுதியாக) வையுங்கள். எண் கூடினால் நீர் கீழே போயிருக்கிறது என்பதையும் விவரத்தில் எழுத மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் மாரியில் நீர் ஏறியதா இறங்கியதா என்பதையே யாராவது தலைகீழாக வாசித்துவிடலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நீர்வேலியில் எங்கள் வீட்டுக் கிணறு. பன்னிரண்டு வருடம் அதன் நீர்மட்டத்தைக் கொப்பியில் எழுதி வந்தேன். பிறகு ஒரு மாணவர் அந்த எண்களைக் கணினியில் ஏற்றி வரைபடம் போட்டார். ஓர் ஆடி மாதத்தில் கோடு படி இறங்கினதுபோல் ஒன்றரை அடி விழுந்தது, மறுபடி ஏறவே இல்லை. பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கு இறைத்ததால் வந்த இறக்கம் என்று இரண்டு கிழமை பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் கிணற்றடிக்குப் போய் நின்றபோதுதான் கண்ணில் பட்டது: கட்டின் கீழ்ப்பகுதி பாசி படிந்த பழைய கல், மேலே வேறு நிறத்தில் சீமெந்து. இடிந்த கட்டை மேசன் உயர்த்திக் கட்டிய வருடம் அது. நான் அளந்தது புது விளிம்பிலிருந்து. கொப்பியில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. தண்ணீர் இருந்த இடத்தில்தான் இருந்தது.

ஒன்றரை அடி பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய விஷயம்தான். சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கைபன், ஹேர்ஸ்பேர்க் இருவரின் பெயரால் வழங்கும் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கவேண்டும். அப்படியென்றால் 45 சென்ரிமீற்றர் பிழை, கீழே 18 மீற்றர் பிழையாகிவிடும். பிழை மறுபக்கமாய் விழுந்து, இல்லாத தண்ணீரை இருக்கிறது என்று நம்பி இறைத்தால் உப்புத்தான் வரும்.

இந்தக் கணக்குக்குக் கடல் மட்டத்திலிருந்து உயரம் வேண்டும். அதற்கு 'ஆல்டிட்யூட்' என்ற பெயர் இருக்கிறது. நில அளவையாளர் ஒருவரைப் பிடித்து, பக்கத்து பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் அளந்து குறித்துவைத்த அடையாளம்) ஏழு கிணற்றடிக்கும் மட்டம் எடுப்பியுங்கள். ஒரு நாள் வேலைதான்.

கேள்வி: மட்டம் எடுப்பானேன்? ஜிபிஎஸ் உயரம் போதாதா? ஆனால் என் கருவி வீட்டு முற்றத்தில் கழித்தல் 90 மீற்றருக்குக் கிட்டக் காட்டுகிறது. பழுதா?
- வாசகர், சுன்னாகம்

பழுதில்லை. ஜிபிஎஸ் நேரடியாகக் கணிப்பது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித நீள்கோளத்துக்கு (பூமியின் வடிவத்துக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் சற்றே தட்டையான உருண்டை) மேலான உயரத்தை. கடல் மட்டத்தை ஒத்த ஈர்ப்புப் பரப்பு வேறு. அதை ஜியோயிட் என்பார்கள். உலகத்திலேயே அது மிகத் தாழ்ந்திருப்பது எங்களுக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில். அங்கே நீள்கோளத்தை விட ஏறத்தாழ 106 மீற்றர் கீழே கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் யாழ்ப்பாணமும் இருக்கிறது.

இரண்டு உயரத்துக்கும் நியமத்தில் வெவ்வேறு பெயர். நீள்கோளத்திலிருந்து என்றால் 'ஹைட் எபவ் ரெஃபரன்ஸ் எலிப்சாய்ட்'. ஜியோயிட்டிலிருந்து என்றால் மேலே சொன்ன 'ஆல்டிட்யூட்'. எந்த ஜியோயிட் மாதிரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஈஜிஎம் 96, ஈஜிஎம் 2008 என்ற இரண்டு மாதிரிகளும் எல்லா இடத்திலும் ஒரே எண்ணைத் தராது. சிஎஃப் நியமத்தின் 2017இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து 'ஜியோயிட் நேம்' என்று அதற்கே ஒரு பண்பு (கோப்பில் விவரக் குறிப்பு எழுதும் இடம்) இருக்கிறது.

கேள்வி: கடல்நீரேரிக் கரையில் அளவுகோல் நட்டு நீர்மட்டம் எடுக்கிறோம். கோலின் பூச்சியம் கடல் மட்டத்துக்கு எவ்வளவு என்று இன்னும் அளக்கவில்லை. அதுவரை பதியலாமா?
- வாசகர், தொண்டைமானாறு

தாராளமாகப் பதியலாம். உங்களைப் போன்றவர்களுக்காகவே 'வாட்டர் சர்ஃபேஸ் ஹைட் எபவ் ரெஃபரன்ஸ் டேட்டம்' என்ற பெயர் இருக்கிறது. நீங்களே வைத்த பூச்சியத்திலிருந்து உயரம் சொல்ல அது போதும். பூச்சியத்தின் உயரம் தெரியவந்ததும் 'வாட்டர் சர்ஃபேஸ் ரெஃபரன்ஸ் டேட்டம் ஆல்டிட்யூட்' என்று இன்னொரு மாறியாகச் சேருங்கள். பழைய எண் ஒன்றையும் மாற்றவேண்டாம். கோல் சாய்ந்தாலோ திருப்பி நட்டாலோ, அன்றைய திகதியைக் கோப்பின் 'கொமன்ட்' பண்பில் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.