பதில்: ஹெச்பிஏ2 5.2%, அத்தை மகனைக் கட்டிக்கொள்ளலாமா?

ஆறு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை, ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) 5.2% என்று எழுதி, அத்தை மகனைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். 3.5%-க்கு மேல் என்றால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா மைனர், அதாவது ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணு ஜோடியில் ஒன்றில் மட்டும் பரம்பரையாக வரும் குறை. பயப்படாதீர்கள், லேசான சோகையோடு ஆயுசு முழுக்க நன்றாக இருக்கலாம். ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு) பார்த்தார்களா? அது சரியாக இருந்தால் இரும்பு மாத்திரை வீண். டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

அப்புறம் கல்யாண விஷயம். முதலில் உங்கள் அப்பாவுக்கு ஹெச்பிஎல்சி பரிசோதனை (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள். இது அவர் வழியில் வந்திருந்தால் அத்தைக்கும், அத்தை மகனுக்கும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எப்படியும் மாப்பிள்ளைக்கும் அதே பரிசோதனை வேண்டும், தேதி குறிப்பதற்கு முன்பே. அவருக்குத் தலசீமியாவோ அரிவாள் செல்லோ ஹெச்பிஇ-யோ (இவையும் ஹீமோகுளோபினின் பரம்பரைக் குறைகள்தான்) இல்லையென்றால் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இருவருக்குமே தலசீமியா மைனர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% வாய்ப்பில் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் (அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய கடுமையான வகை) வரும். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று சிலர் கணக்குப் போடுவார்கள், தப்பு. கர்ப்பத்தின் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து, குழந்தைக்கு மேஜர் இருக்கிறதா என்று சோதிக்கலாம்.

"பெண்ணுக்குக் குறை" என்று யாராவது ஆரம்பித்தால் தலசீமியா அதிகமுள்ள சைப்ரஸ் தீவைச் சொல்லுங்கள். 1970-களிலிருந்து அங்கே கல்யாணத்துக்கு முன் தலசீமியா ரத்தப் பரிசோதனை சகஜம்.