இரவல் காரும் இன்சூரன்ஸும்: கேள்வி பதில்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் நம் பக்கம் ஒரு வீட்டுக் கார் அந்த வீட்டிலேயே நிற்பதில்லை. சீர் கொண்டுபோக, ஒறம்பரையைக் கூட்டிவர, குலதெய்வக் கோயிலுக்குப் போக என்று சாவி கை மாறிக்கொண்டே இருக்கும். கோவைக்கும் கரூருக்கும் நடுவே 22 வருடம் விபத்து வண்டிகளைப் பார்த்து நஷ்டம் மதிப்பிட்ட சர்வேயர் நான். வந்திருக்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காங்கேயம்: ஏனுங்க, மச்சானுடைய காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு பழனிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பாலிசி அவர் பெயரில். நான் ஓட்டினால் செல்லுமா?

செல்லும். நம் நாட்டில் இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், ஓட்டுகிற ஆளுக்கு இல்லை. பாலிசித் தாளில் ஓட்டுநர் பற்றி ஒரு பத்தி இருக்கும். விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யாரும் ஓட்டலாம் என்பதே அதன் சாரம். மச்சான் மனதார சாவி கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கிளைம் போட்டால் அடி அவருக்கு. கிளைம் போடாத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் அவருடையது. முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50-ல் நிற்கும். ஐந்து வருடம் சேர்த்ததை நீங்கள் ஒரே இடியில் பூஜ்யமாக்கிவிடலாம். அதோடு ஒவ்வொரு கிளைமிலும் 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய் கைக்காசு. தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் பம்பர் டு பம்பர் எடுக்காத பாலிசி என்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலை தேய்மானமாகப் போகும். இன்றைய காரில் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக். இந்தப் பணமெல்லாம் இரவல் வாங்கியவர் தர வேண்டியது என்பது என் கருத்து. கிளம்பும் முன்பே பேசிவிட்டால் உறவு கெடாது.

சாவி வாங்கும்போதே ஆர்.சி.யையும் பாலிசியையும் கேட்டு வாங்கி, கடைசித் தேதியைப் பாருங்கள். போனில் படமாக இருந்தாலும் போதும்.

ஈரோடு: தம்பி காருக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கிறது. பண்ணாரி போய் அப்படியே திம்பம் ஏறலாம் என்று திட்டம். ஆறு பேர்.

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது.

தேர்ட் பார்ட்டி என்றால் வண்டிக்கு வெளியே இருப்பவர்: ரோட்டில் நடப்பவர், எதிரே பைக்கில் வருபவர், எதிர் வண்டியில் இருப்பவர். உங்கள் காருக்குள் சும்மா கூட வருகிற அம்மா, அத்தை, குழந்தைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசி என்றால் காருக்குள் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று 2009-லேயே இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ. கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டு பாலிசிகளையும் பிரித்துக் காட்டியது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு தேர்ட் பார்ட்டி வண்டியில் ஏறாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இனி, ஓட்டுகிற உங்களுக்கு என்ன? பாலிசியில் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு என்று இருக்கும். அது பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ள உரிமையாளர் தாமே லைசென்ஸோடு ஓட்டினால் மட்டும். இரவல் வாங்கி ஓட்டுபவருக்கு அது கிடையாது. கர்நாடகத்தில் ஒருவர் இரவல் பைக்கில் போய், முன்னால் இரும்புத் தகடு ஏற்றிப் போன மாட்டு வண்டியில் மோதி இறந்தார். நிங்கம்மா வழக்கு என்பார்கள். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவரை மூன்றாம் நபராகக் கருத முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-லும் இன்னொரு வழக்கில் அதையே சொன்னது. அடிக்கடி இரவல் வண்டி ஓட்டுபவர்கள் தங்கள் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள். அது எந்த வண்டியில் போனாலும் கூடவே வரும்.

பல்லடம்: லைசென்ஸ் முடிந்து 12 நாள்தான் ஆகிறது. 30 நாள் டைம் உண்டு அல்லவா?

முன்பு இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். புதுப்பிக்கும் வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

கோபி: பையனுக்கு 17 வயது. நன்றாக ஓட்டுவான். மாமனார் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் போகிறான்.

வேண்டாம் அம்மணி. மோட்டார் வாகனச் சட்டப்பிரிவு 199ஏ. வண்டி உரிமையாளருக்கோ பெற்றவருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தோட்டத்துப் பாதையில் ஆட்டுக்குட்டி மட்டுமா குறுக்கே வரும்?

பொள்ளாச்சி: நண்பர் கார். என் பெயரில் பாலிசி இல்லை. நான் ஓட்டலாமா?

காங்கேயத்துக்குச் சொன்ன பதில்தான்.

அவிநாசி: அண்ணன் காரை என் மனைவி ஓட்டிப்போய் மைல்கல்லில் இடித்துவிட்டாள். அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது. பாலிசி அண்ணன் பெயரில் இருப்பதால் அண்ணனே ஓட்டியதாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் ஒர்க்‌ஷாப்காரர்.

எழுதாதீர்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகப் பெரிய தவறு இதுதான், அதுவும் தேவையே இல்லாத தவறு.

ஒரு கிளைம் சொல்கிறேன். கார் புளியமரத்தில் மோதியிருந்தது. உரிமையாளர் தாமே ஓட்டியதாகப் படிவத்தில் கையெழுத்து. ஆள் ஆறடி. நான் போய்க் கதவைத் திறந்து பார்த்தால் டிரைவர் சீட் முழுக்க முன்னால் தள்ளியிருந்தது. நான் உட்கார்ந்து பார்த்தேன், முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. வெளியே தொங்கிக் கிடந்த ஏர்பேக்கில் குங்குமமும் கொஞ்சம் கண்மையும் ஒட்டியிருந்தது. ஓட்டியது அவருடைய தம்பி மனைவி. அந்தப் பெண்ணிடம் எட்டு வருட லைசென்ஸ் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் மறுபேச்சு இல்லாமல் பாஸாகியிருக்கும். பொய் சொன்னதால் மொத்த கிளைமும் போனது. என் அறிக்கையில் பார்த்ததைத்தான் எழுத முடியும், எழுதினேன். அந்த அம்மணி கண்ணில் நீரோடு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்கள் மனைவி பெயரையே எழுதுங்கள். லைசென்ஸ் நகலை இணையுங்கள். கல்லும் காரும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுத்த படம் இருந்தால் அதையும் கொடுங்கள்.

தாராபுரம்: என்னிடம் சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஓன் போர்டு இன்னோவா இருக்கிறது. சொந்தபந்தம் கேட்டால் கொடுப்பேன். டீசல் போட்டு, மேலே ஏதாவது கொடுப்பார்கள். இதில் தப்பில்லையே?

டீசல் போட்டுக்கொண்டு போவது வேறு, மேலே வாங்குவது வேறு. ஓன் போர்டு கார் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது.

ஈரோடு, டிராவல்ஸ் டிரைவர்: நன்றாகக் கேளுங்கள் ஐயா. பர்மிட், வரி, எஃப்.சி., அதிக பிரீமியம் எல்லாம் கட்டி நாங்கள் வாடகைக்குப் பதிவான டி போர்டு ஓட்டுகிறோம். முகூர்த்த நாளில் எங்கள் சவாரியை இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

தாராபுரம்: நான் சவாரி ஓட்டவில்லை. மாமன் மகன் கல்யாணத்துக்குக் கொடுக்கிறேன். டயர் தேய்கிறது, சர்வீஸ் வருகிறது. அதை யார் கொடுப்பார்கள்?

திருப்பூர்: முகூர்த்த நாளில் டி போர்டு கிடைப்பதே இல்லை. கிடைத்தாலும் பேட்டா, டோல் என்று இரண்டு மடங்கு சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

ஈரோடு, டிராவல்ஸ் டிரைவர்: வருடத்தில் முப்பது நாற்பது முகூர்த்தம். மீதி நாளெல்லாம் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறோம். டியூ மட்டும் மாதா மாதம் வருகிறது.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிரைவர் தம்பியின் வருத்தம் எனக்கு நன்றாகவே தெரியும், என் சொந்தத்திலேயே டி போர்டு வைத்திருந்து விற்றவர்கள் உண்டு. ஆனால் நான் பேசுவது இடித்த பிறகு நடப்பதைப் பற்றி.

விபத்து நடந்தால் சர்வேயரோ விசாரணைக்கு வருபவரோ காருக்குள் இருந்தவர்களிடம் தனித்தனியாக ஒரு கேள்வி கேட்பார்: வண்டிக்காரர் உங்களுக்கு என்ன முறை? மாமன் மகன் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். அடுத்தது, ஏதாவது கொடுத்தீர்களா என்பது. பின்சீட்டில் இருக்கும் ஒரு பெரியம்மா வெள்ளந்தியாக, "கிலோமீட்டருக்குப் பதினாலு ரூபாய்ங்க, முன்பணம் ரெண்டாயிரம் போன்ல போட்டாங்க" என்பார். அத்தோடு முடிந்தது. உங்கள் காரின் நஷ்டத்துக்குக் காசு வராது. எதிரே அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். அந்த வசூல் தோட்டம், வீடு வரைக்கும் வரும். இன்னோவாவின் டயர் தேய்மானத்தை அதோடு வைத்துப் பாருங்கள்.

தாராபுரத்தாரே, மாமன் மகனுக்குச் சும்மா கொடுங்கள், அல்லது கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு வழி வேண்டும் என்றால் டி போர்டாக மாற்றிவிடுங்கள். திருப்பூர் நண்பருக்கு: தாமே ஓட்டிக்கொள்ள வாடகை கார் வேண்டும் என்றால், கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை பிளேட் என்றால் அது வாடகைக்கான வண்டி இல்லை.

தாராபுரம்: சரிங்க, புரிந்தது. ஆனால் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

செய்கிறார்கள். இடிக்காதவரை எதுவும் தெரியாது.

நாமக்கல்: பங்காளி ஒருவர் பழைய கார் வாங்கியிருக்கிறார். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில். அதை இரவல் வாங்கலாமா?

பெயர் மாறும் வரை வேண்டாம். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் காரின் நஷ்டத்துக்குக் கேட்க முடியாமல் போகும். விற்றவருக்கும் ஆபத்துதான். பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் நான்கு கை மாறிப்போன வழக்கு அது, கடைசியில் பொறுப்பு முதல் ஆளின் தலையில்.

கரூர்: சித்தப்பாவின் டாடா ஏஸ். என்னிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான்.

7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் கார் லைசென்ஸ் போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது.

உடுமலை: மாமா பைக், பாலிசி மாமா பெயரில். நான் ஓட்டினால்?

இதே கேள்வி இன்னும் ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது. பைக்குக்கும் அதே பதில், மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். ஓட்டியவர் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

கோவை: மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வருகிறான். அங்கே அவனுக்கு நல்ல பாலிசி இருக்கிறது. என் காரை ஓட்டலாமா?

அந்த பாலிசி இங்கே உதவாது. உங்கள் பாலிசிதான் கணக்கு. இங்கே எடுத்த பழைய லைசென்ஸில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவரச் சொல்லுங்கள்.

பவானி: விபத்தில் அப்பாவுக்குக் கால் போய்விட்டது. இரவல் கார்க்காரர் மீது எவ்வளவு கேட்கலாம்?

மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை நான் சொல்லக் கூடாது. மோட்டார் விபத்து வழக்கு நடத்துகிற வக்கீல் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி பில் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.

காங்கேயம்: நீங்கள் சொன்ன மாதிரி மச்சானிடம் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேனுங்க. போன புதன்கிழமையே முடிந்திருக்கிறது. அவருக்கே தெரியவில்லை. நாளை காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

மச்சானை இன்றே கம்பெனிக்கோ ஏஜெண்டுக்கோ பேசச் சொல்லுங்கள். தேதி விட்டுப்போனதால் காரை நேரில் பார்த்தோ வீடியோ எடுத்தோதான் ஃபுல் இன்சூரன்ஸ் கொடுப்பார்கள். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் அவருடைய நோ கிளைம் போனஸ் போகாது, அதனால் பதற வேண்டாம். புது பாலிசியில் எந்தத் தேதி, எத்தனை மணி முதல் என்று போட்டிருக்கும், அதற்கு முன்னால் வண்டி நகரக் கூடாது. இன்றைக்குள் வரவில்லை என்றால் பழனிக்கு தாராபுரம் வழியாக பஸ்ஸில் போய்வாருங்கள்.