தனியார் நிறுவனங்கள் வந்துவிட்டதால் ரோபோ விண்வெளி ஆய்வில் நாசாவுக்கு வேலை குறைந்துவிடுமா?

குறையாது, வேலையின் தன்மைதான் மாறுகிறது. தனியார் பங்கு புதிதும் அல்ல. பென்னு சிறுகோளின் மண்ணைக் கொண்டுவந்த ஒசைரிஸ்-ரெக்ஸ் கலத்தைக் கட்டியது லாக்ஹீட் மார்ட்டின்தான். ஆனால் கலம் நாசாவின் சொத்து. 2018-இல் நாசா தொடங்கிய சிஎல்பிஎஸ் (தனியார் கலங்களில் நிலவுக்குச் சரக்கு அனுப்பும்) திட்டத்தில் இது தலைகீழானது. கலம் நிறுவனத்துடையது, நாசா தன் கருவிகளை நிலவுக்கு ஏற்றி அனுப்பக் கட்டணம் கட்டும் வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

செலவு குறைகிறது, ஆபத்து கூடுகிறது. இந்தத் திட்டத்தில் 2024 ஜனவரியில் போன பெரெக்ரின் என்ற தனியார் கலம் எரிபொருள் கசிந்து நிலவில் இறங்கவே முடியாமல் போனது. அடுத்த மாதம் போன ஒடிசியஸ் என்ற இன்னொரு தனியார் கலத்தின் கதையைக் கேளுங்கள்: உயரம் அளக்கும் லேசர் கருவியின் பாதுகாப்பு சுவிட்சைப் புறப்படும் முன் விடுவிக்காமல் விட்டுவிட்டார்கள். நிலவைச் சுற்றும்போதுதான் அது தெரிந்தது. லேசர் அளவீடு இல்லாமலே இறங்கி, கால் உடைந்து சாய்ந்தது. அப்படியும் தகவல் அனுப்பியது! அப்புறம் 2025 மார்ச் 2 அன்று ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் புளூ கோஸ்ட் கலம் நிமிர்ந்தே இறங்கி, சுமார் இரண்டு வாரம் வேலை செய்தது. இப்படி விழுந்து எழுந்து கற்பதற்கு இடம் கொடுத்ததுதான் இந்தத் திட்டத்தின் பெரிய பலம் என்பேன்.

சரி, நிலவைத் தாண்டினால்? அங்கே சரக்கு அனுப்ப வாடிக்கையாளர்கள் அநேகமாக இல்லை. 2024 அக்டோபரில் நாசாவின் யூரோப்பா கிளிப்பர் கலத்தை ஏற்றிச் சென்றது ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் ஹெவி ராக்கெட். ஆனால் வியாழனின் யூரோப்பா என்ற நிலவை ஆராயப்போகும் அந்தக் கலம் முழுக்க அரசுப் பணத்தில் உருவானது.