கோவேறு கழுதைக்குப் போட்ட பாதை

அன்புள்ள சார்,

போன வருடம் கிரேக்கத்தின் ஆண்ட்ரோஸ் தீவின் கல்பாதைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நானும் கணவரும் இந்த அக்டோபரில் அங்கே போனோம். சான்டோரினிக்கு வைத்திருந்த ஆறு நாளில் மூன்றைப் பிடுங்கி ஆண்ட்ரோஸுக்குக் கொடுத்தோம். அந்த உரிமையில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

'சீரான கற்படிகள்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு 56 வயது. வருஷம் தவறாமல் பழனிப் படி ஏறுகிற கால் இது. ஆனால் ஹோரா ஊரிலிருந்து மெனிதெஸ் கிராமத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் முட்டி கழன்றுவிட்டது. அந்தப் படி ஓர் எட்டுக்கு நீளம், இரண்டு எட்டுக்குக் குட்டை. எப்படி வைத்தாலும் கால் கணக்கு தப்புகிறது. போதாததற்கு இரண்டு பக்கமும் சுவர். பாதித் தூரம் கடலே கண்ணில் படவில்லை. மேலே தார் ரோட்டில் கார்கள் சொகுசாகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் தங்கிய இடத்தில், "பைசாந்தியப் பேரரசுக் காலத்துப் பாதை, ஆயிரம் வருடம் ஆகிறது" என்று பெருமையாகச் சொன்னார்கள். "ஆயிரம் வருஷத்துல ஒருத்தனுக்குக்கூட ஒழுங்கா ஒரு படி வைக்கத் தெரியலையா?" என்று கேட்டார் என் கணவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

யார் போட்ட பாதை இது? ஏன் இப்படிப் போட்டார்கள்? உண்மையிலேயே நல்ல பாதையா, இல்லை நீங்கள் எழுத்தில் அழகாக்கிவிட்டீர்களா?

கே.எம்., கோவை

*

அன்புள்ள கே.எம்.,

முதலில் உங்கள் முட்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 'சீரான கற்படிகள்' என்று நான் எழுதியது தப்பு. மனிதக் காலுக்கு அது படியே அல்ல. அழகாக்கினேனா என்றால், அந்த ஒரு வார்த்தையில் ஆம்.

உங்கள் கணவரின் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பழனியில் 693 படிகள் கொண்ட பாதை ஒன்று, அதைவிட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போகும் யானைப்பாதை ஒன்று. யானைப்பாதையில் படி நீளமாக இருக்கும், உயரம் குறைவாக இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் அதில் ஏறினாலும் கணக்கு யானையின் கால் கணக்குத்தான். ஆண்ட்ரோஸில் நீங்கள் ஏறி இறங்கியது அந்த மாதிரிப் பாதை. யானைக்குப் பதிலாகக் கோவேறு கழுதை, அவ்வளவே வித்தியாசம். மனிதனுக்கென்று தனியாக ஒரு படிப்பாதை அங்கே யாரும் போடவில்லை. கழுதைக்குப் பின்னால் அவன் எப்படியாவது நடந்து வந்துகொள்வான் என்று விட்டுவிட்டார்கள்.

இது எனக்கும் முதல் நாள் தெரியாது. உங்களைப் போலவே நானும் அந்தப் படிகளில் தடுமாறி, மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இறங்கினேன். இரண்டாம் நாள் காலையில் ஒரு திருப்பத்தில் மணிச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து ஒரு கோவேறு கழுதை வந்துகொண்டிருந்தது, முதுகில் இரண்டு பக்கமும் விறகுக் கட்டு. பின்னால் வெறுங்கையோடு ஒரு பெரியவர். வழிவிடுவதற்காகச் சுவரோடு ஒட்டி நின்றேன். அதனால் கழுதையின் கால்களை ஒரு முழத் தூரத்தில் பார்க்கக் கிடைத்தது. முன்னங்கால் இரண்டும் ஒரு படியில் இறங்கி நிற்கின்றன. பின்னங்கால் இரண்டும் இன்னும் மேல்படியில். ஒரு நொடி அப்படியே நிற்கிறது, சுமை முன்னால் சரிந்து ஆடி அடங்குகிறது. அடங்கிய பிறகுதான் பின்னங்கால்கள் இறங்குகின்றன. நாலு காலும் அந்த ஒரே படியில் கச்சிதமாக நிற்கின்றன. அப்புறம் அடுத்த படி. எனக்கு ஒன்றரை எட்டாகத் தொந்தரவு கொடுத்த அந்த நீளம் அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

பெரியவர் என் கால்களைப் பார்த்துச் சிரித்தார். பேச மொழியில்லை. உள்ளங்கையைச் செங்குத்தாக வைத்து, பாம்பு போவதுபோல இடமும் வலமும் வளைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நேராக இறங்காதே, குறுக்கே வளைந்து வளைந்து இறங்கு என்கிறார். அன்று மாலை வரைக்கும் அப்படியே இறங்கிப் பார்த்தேன். முட்டி பிழைத்தது.

இந்தப் பாதைகளுக்கு கிரேக்கத்தில் 'கல்தெரிமி' என்று பெயர். கல் என்ற சத்தம் காதில் விழுந்ததும் தமிழ் வேர் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அது துருக்கியிலிருந்து போன சொல். இன்றைய துருக்கியில் அந்தச் சொல்லுக்குத் தெருவோர நடைபாதை என்று பொருள். கல் பாவாத சாதாரணப் பாதைக்கு 'மொனோபாதி' என்பார்கள். 'மொனோ' என்றால் ஒற்றை, 'பாதி' மிதிப்பதோடு தொடர்புடையது. நம் ஒற்றையடிப் பாதையேதான். இங்கேயும் வேர் தேட வேண்டாம், இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி நடந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைப் போட்டவர்கள் ராஜாவோ பொறியாளரோ அல்ல, அந்தந்த ஊர்க்காரர்கள். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது. படியின் விளிம்பில் நீளக் கல்லைச் செங்குத்தாகப் புதைத்திருப்பார்கள். இறங்கும்போது குளம்பு அதில் முட்டி நிற்கும். நடுவில் பாவிய கற்களைப் பார்த்தீர்களென்றால், பல இடங்களில் தட்டையாகப் படுக்க வைக்காமல் விளிம்பு மேலே இருக்கும்படி நெருக்கிக் குத்தியிருப்பார்கள். நம் செருப்புக்கு அது உபத்திரவம். இரும்பு லாடத்துக்கு அந்தச் சந்துகள்தான் பிடிமானம், வழவழப்பான கல்லில் லாடம் சறுக்கும். விளிம்புக் கல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழைத் தண்ணீரின் வேகத்தை அது படிக்குப் படி உடைக்கிறது. அதில்லாவிட்டால் இரண்டு குளிர்காலத்தில் பாதை ஓடையாகிவிடும். ஆண்ட்ரோஸ் சேர்ந்திருக்கிற சிக்லடீஸ் தீவுக் கூட்டத்தில் பெரும்பாலானவை காய்ந்த பூமி. ஆண்ட்ரோஸ் அப்படியல்ல, ஊற்றுத் தண்ணீர்ச் சீமை. மெனிதெஸில் சிங்க முகத்து வாய்களிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே.

சுவர் விஷயத்தில் மட்டும் உங்களோடு சண்டை போடுவேன். அந்தத் தீவில் நான் மறுபடி பார்க்க விரும்புவது கடலை அல்ல, அந்தச் சுவர்களைத்தான். கடலை எந்தத் தீவிலும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியதற்குக் காரணம் எளிது. சுமையோடு போகிற கழுதை வழிநெடுகப் பயிரில் வாய் வைத்துக்கொண்டே போகும். வயலைத் திருத்தும்போது குவிகிற கல்லையும் எங்கேயாவது போட்டாக வேண்டும். கல்லால் சுவர், சுவருக்குள் பாதை, ஒரே வேலையில் இரண்டும் முடிந்தது.

ஆண்ட்ரோஸ் சுவரில் ஒரு தனிக் கைவண்ணம் இருக்கிறது. அடுத்த முறை நின்று பாருங்கள். சிறு கற்களை அடுக்கிக்கொண்டே வந்து, சில அடிகளுக்கு ஒருமுறை ஓர் ஆள் இடுப்புயரப் பலகைக்கல்லைச் செங்குத்தாக நட்டிருப்பார்கள். அப்புறம் மறுபடி சிறு கற்கள், மறுபடி ஒரு பலகை. தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுக்க யாரோ கதவுகளைச் சாத்தி வைத்த மாதிரி இருக்கும். 'ஸ்தீமாதா' என்று இதற்குப் பெயர். அந்தத் தீவின் பாறை ஏடு ஏடாகப் பிளந்து வருகிற வகை, அதனால் பலகைக்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஒரு பலகையை நட்டால் அந்த அகலத்துக்குச் சிறு கல் அடுக்குகிற வேலை மிச்சம். சோம்பலில் பிறந்ததோ சிக்கனத்தில் பிறந்ததோ, பார்க்க அவ்வளவு அழகு. காரையில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை யுனெஸ்கோ 2018-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிரேக்கத்தோடு சைப்ரஸ், குரோஷியா, இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், ஸ்லோவேனியா, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்தவை.

ஆயிரம் வருடக் கதைக்கு வருவோம். அங்கே மலைமேல் பனாக்ராந்து என்றொரு மடாலயம் இருக்கிறது. கிரீட் தீவை மீட்கப் போன பைசாந்தியத் தளபதி நிகிபோரஸ் போகாஸோடும் 961-ம் ஆண்டோடும் அதைச் சேர்த்துச் சொல்கிற மரபு உண்டு. அந்த மாதிரிக் கதைகள் இருக்கிற ஊரில், காலடியில் கிடக்கிற கல்லெல்லாம் பைசாந்தியம் ஆகிவிடுவது சகஜம். அதே தீவுக் கூட்டத்தில் பாரோஸிலும், லெஃப்கெஸ் ஊரிலிருந்து ப்ரோத்ரோமோஸ் வரை இறங்குகிற பளிங்குக்கல் பாதைக்கு 'பைசாந்திய வழி' என்றுதான் பெயர். நல்ல பாதை, நாலு கிலோமீட்டருக்குள்தான், உங்கள் முட்டிக்கும் ஒத்துவரும். ஆனால் இவற்றின் வயதை ஓலைக்கூரை வீட்டு வயது மாதிரித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடு தாத்தா காலத்தது, ஓலை போன வருஷத்தது. காரையில்லாத கல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் பெயரும், ஊர்க்காரர் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். வழி பழசு. நீங்கள் மிதித்த கல் கடைசியாகச் செப்பனிட்டவர் வைத்த கல். எனக்கு அந்தக் கடைசி ஆள்மீதுதான் மரியாதை அதிகம்.

ஏனென்றால் நடுவில் பல வருடம் அப்படி யாரும் வைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரோடு வந்தது. ஆண்ட்ரோஸ் கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் நிறைந்த தீவு, இளவட்டங்கள் கப்பலுக்கும் ஏதென்ஸுக்கும் போய்விட்டார்கள். கழுதைகள் குறைந்தன. பல இடங்களில் புல்டோசர் பழைய பாதையின் மேலேயே ரோடு போட்டுக்கொண்டு போனது. வழி ஏற்கெனவே சரியாகத்தானே வகுக்கப்பட்டிருந்தது, அதற்கு வசதி. மிச்சமிருந்ததை முள் மூடிவிட்டது. 2010 வாக்கில் 'ஆண்ட்ரோஸ் ரூட்ஸ்' என்று தன்னார்வலர்கள் சேர்ந்து முள்ளை வெட்டி, பெயர்ந்த கல்லைத் தூக்கி வைத்து, அம்புக்குறிகள் நட்டார்கள். 2015-ல் அதில் 100 கிலோமீட்டர் பாதைக்கு ஐரோப்பிய நடையர் சங்கத்தின் தரச்சான்று கிடைத்தது. இப்போதும் வருஷா வருஷம் வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு கோடை விட்டால் முள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தார் ரோட்டில் காரில் போனவர்களைப் பார்த்து ஏங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான ஏக்கம். விறகுக் கட்டோடு வந்த அந்தப் பெரியவருக்கு யாராவது கார் கொடுத்திருந்தால் அவரும் அதில்தான் போயிருப்பார். பாதையைப் புகழ்வதற்காக அந்த வாழ்க்கையைப் புகழ எனக்கு மனம் வராது. கழுதையையும் கேட்க வேண்டும். சான்டோரினியில் பழைய துறைமுகத்திலிருந்து ஃபிரா ஊருக்கு ஏறுகிற ஏறத்தாழ 600 படிகளைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் கேபிள் காரில்தான் ஏறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுற்றுலாப் பயணிகளைத் தூக்கித் தூக்கி அந்தக் கழுதைகள் படுகிற பாட்டைப் பற்றி எழுந்த சத்தத்தில், 100 கிலோவுக்கு மேலோ, தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ சுமை ஏற்றக்கூடாது என்று 2018-ல் கிரேக்க அரசு விதி கொண்டுவந்தது. அந்தப் படிகளும் இதே கழுதைக் கணக்குதான்.

நல்ல பாதையா என்று கேட்டதற்கு: கழுதைக்கு மிக நல்ல பாதை. நமக்கு, அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு நடந்தால் நல்ல பாதை.

மறுபடி போவதாக இருந்தால் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போங்கள். பாப்பிப் பூக்கள் சுவருக்கு மேலே தலையாட்டிக்கொண்டிருக்கும், மிதித்த இடமெல்லாம் காட்டுப்புதினாவும் ஓமமும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். ஜூலை, ஆகஸ்டில் வடகாற்று ஆளைத் தள்ளும். கனமான மலையேற்ற பூட்ஸ் வேண்டாம், கல்லைப் பற்றுகிற மெல்லிய ரப்பர் அடி உள்ள ஷூ போதும். இரண்டு கைக்கும் கோல் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் அந்த ஏட்டுப்பாறை சோப்பு மாதிரி, அன்றைக்குக் காபிக் கடையிலேயே உட்கார்ந்துவிடலாம். கடையில் ஃப்ரூதாலியா என்று ஓர் ஆம்லெட் தருவார்கள், உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் போட்டது. முட்டை மட்டும் சாப்பிடுகிற சைவமென்றால் இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லாமல் செய்து தரச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை, எனக்கு உறுத்துகிறது. வழியில் ஆட்டுப் பட்டிகளுக்குக் குறுக்கே கதவு என்ற பெயரில் பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டைக் கம்பியால் கட்டி நிறுத்தியிருப்பார்களே, பார்த்தீர்கள்தானே? கடந்து போனதும் கம்பியைத் திரும்ப மாட்டினீர்களா?